பார்ப்பவரின் பிழை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உண்மையைத் தேடுதல் என்ற பெரும்பொருளுக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அறக்கட்டளையினர் எனக்கு உரிமை தந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது தன்னைத் தான் நோக்குதல். உள்ளே பார் என்று சொல்லாத ஞானி எந்த நாட்டிலும் இல்லை. கேட்பதற்கு இனிய அறிவுரைதான். ஆனால் அதில் ஓர் இடர் இருக்கிறது. உள்ளே பார்க்கும் கண்ணும் அதே வீட்டில், அதே தெருவில், அதே பள்ளிக்கூடத்தில் வளர்ந்த கண்தான். நம் எண்ணங்கள் எதில் ஊறியிருக்கின்றனவோ, அவற்றைச் சோதிக்கப் புறப்படும் பார்வையும் அதிலேயே ஊறியிருக்கிறது. திருடனைப் பிடிக்கத் திருடனையே காவலுக்கு வைத்த கதைதான்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதெல்லாம் அதற்கான சான்றுகள் மட்டுமே. ஊறிய எண்ணங்களிலிருந்து விடுபடத் தன்னை நோக்குவது இன்றியமையாதது. ஆனால் அது தனியாக முடியும் காரியம் அல்ல. அதற்கு இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் குருவாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நாம் கேட்க விரும்பாத ஒருவராகவே அவர் இருப்பார்.

ஒரு நொடியில் பத்தில் எட்டுப் பங்கு

ஆன்மிகத்திலிருந்து தொடங்குவீர்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் வானியலிலிருந்து தொடங்குகிறேன்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் அரச வானியலாளராக இருந்தவர் நெவில் மாஸ்கலைன். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னபுரூக். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் பார்வைப்புலத்தில் உள்ள மெல்லிய கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அங்கே அன்றாட வேலை. கண் விண்மீனைப் பார்க்கும். காது பக்கத்திலுள்ள ஊசல் கடிகாரத்தின் ஓசையை எண்ணும். இரண்டு ஓசைகளுக்கு நடுவே விண்மீன் கம்பியைத் தாண்டினால், நொடியின் பத்தில் எத்தனையாவது பங்கில் தாண்டியது என்பதை மனத்தால் மதிப்பிட்டு எழுத வேண்டும்.

முதலில் இருவரின் கணக்கும் ஒத்துப்போயிற்று. 1795இல் உதவியாளரின் பதிவு மாஸ்கலைனின் பதிவைவிட அரை நொடி பிந்தத் தொடங்கியது. எச்சரித்தார்கள். அவரும் முயன்றார். 1796 ஜனவரியில் வேறுபாடு நொடியில் பத்தில் எட்டுப் பங்காக வளர்ந்திருந்தது. நிலநடுக்கோட்டில் புவி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 460 மீட்டர் சுழல்கிறது. கடலில் செல்லும் கப்பல்களின் இருப்பிடக் கணக்கு முழுவதும் நேரத்தை நம்பியிருந்த காலத்தில் இது சிறிய பிழை அல்ல. கின்னபுரூக் வேலையை இழந்தார். மாஸ்கலைன் அதைத் தம் ஆய்வகப் பதிவுகளில் வருத்தத்தோடு எழுதியும் வைத்தார்.

மாஸ்கலைனிடம் இருந்த தரவு என்ன? இரண்டு பேரின் பதிவுகளும் வேறுபடுகின்றன என்பது மட்டுமே. யாருடையது பிழை என்று அந்தத் தரவு சொல்லவில்லை. பதவி சொன்னது. ஒருவர் அரச வானியலாளர், மற்றவர் உதவியாளர். எனவே பிழை உதவியாளருடையது.

சுமார் கால் நூற்றாண்டு கழித்து, கோனிக்ஸ்பெர்க் நகரின் வானியலாளர் ஃபிரீட்ரிக் பெசல் இந்தப் பழைய குறிப்பைப் படித்துவிட்டுக் கேள்வியை மாற்றிக் கேட்டார். யார் தவறு என்று அவர் கேட்கவில்லை. தேர்ந்த பார்வையாளர்கள் எல்லோருக்குமே இப்படி வேறுபாடு இருக்குமோ என்று கேட்டார். தம்மையும் மற்ற வானியலாளர்களையும் ஒரே விண்மீன்களைக் கொண்டு ஒப்பிட்டார். 1823இல் தமக்கும் வானியலாளர் ஆர்கெலாண்டருக்கும் நடுவே ஒரு நொடிக்கும் மேற்பட்ட வேறுபாடு இருப்பதைக் கண்டார். வேலையிழந்த உதவியாளரின் பிழையைவிட இது பெரியது! இதை வானியலார் தனியாள் சமன்பாடு என்று அழைத்தார்கள். ஒவ்வொரு பார்வையாளருக்கும் அவருக்கே உரிய பிழை உண்டு. கணக்கிடும்போது அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இந்தப் பிழை உள்ளவருக்கு அது உணர்வில் தட்டுவதே இல்லை. விண்மீன் கம்பியைத் தாண்டியதை அவர் தம் கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார், ஐயம் எதுவுமின்றி எழுதினார். இரண்டாவது, இன்னும் கூர்ந்து கவனி என்று சொல்வதால் பிழை தீராது. கின்னபுரூக் கூர்ந்துதான் கவனித்தார். மூன்றாவதே முதன்மையானது. பெசல் தம் பிழையைத் தமக்குள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டபோதுதான் அது தெரிந்தது.

உள்ளே பார்த்த ஆய்வகங்கள்

விண்மீனைப் பார்ப்பதிலேயே இந்தப் பாடு என்றால், தன் மனத்தைத் தானே பார்ப்பதில் எவ்வளவு இருக்கும்? அதையும் முறைப்படி முயன்று பார்த்தார்கள்.

வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். அவரை இந்தத் துறைக்கு இழுத்தவற்றுள் வானியலாரின் இந்தச் சிக்கலும் ஒன்று. கண் பார்ப்பதற்கும் காது கேட்பதற்கும் நடுவே மனம் என்ன செய்கிறது என்று அவர் இளமையிலேயே சோதித்தவர். அவருடைய மாணவர் எட்வர்ட் டிச்சனர் 1892இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அகநோக்கை ஒரு கடும் பயிற்சியாகவே வளர்த்தார். இன்னொரு மாணவர் ஆஸ்வால்ட் கியூல்பெ ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் தனி ஆய்வகம் அமைத்தார்.

இரண்டு இடத்திலும் பயிற்சி பெற்ற ஆட்கள் உட்கார்ந்து, ஒரு கேள்விக்கு விடை எண்ணும்போது தம் மனத்துக்குள் நடப்பதைச் சொன்னார்கள். வூர்ட்ஸ்புர்க்கில் உட்கார்ந்தவர்கள் எந்தப் படிமமும் இல்லாத எண்ணங்கள் தமக்குள் தோன்றுவதாகச் சொன்னார்கள். கார்னெலில் உட்கார்ந்தவர்களோ, எண்ணம் என்று எதைப் பிடித்தாலும் அதனடியில் ஏதாவதொரு புலனுணர்வோ படிமமோ இருக்கிறது என்றார்கள். யார் சொல்வது சரி? தீர்ப்பதற்கு வழியே இல்லை. ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர் போய்ப் பார்க்க முடியாதே. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வோர் ஆய்வகத்து ஆளும் தம் ஆசிரியரின் கோட்பாடு எதிர்பார்த்ததையே தம் உள்ளத்தில் கண்டிருந்தார். 1913இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்கர், இந்த அகநோக்கையே உளவியலிலிருந்து தூக்கி எறிய வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அதன்பின் சில பத்தாண்டுகள் அமெரிக்க உளவியலில் மனம் என்ற சொல்லே தீட்டானது.

வாட்சன் செய்தது மிகை. ஆனால் அவருடைய ஐயம் பொய்க்கவில்லை. 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு கடைச் சோதனை வருகிறது. மேசைமேல் நான்கு இணை நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருபவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே உறைதான். ஆனால் வலக்கோடியில் இருந்ததை 40 விழுக்காட்டினரும் இடக்கோடியில் இருந்ததை 12 விழுக்காட்டினரும் தேர்ந்தார்கள். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால், நெசவு நன்றாக இருக்கிறது என்பது போன்ற காரணங்கள் வந்தன. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். கேட்டவரை ஒரு மாதிரியாகவும் பார்த்தார்கள்.

2005இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பீட்டர் யோஹான்சனும் அவருடைய குழுவினரும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு முகங்களின் படங்களைக் காட்டி, எது உங்களைக் கவர்கிறது என்று கேட்டு, தேர்ந்த படத்தைக் கையில் கொடுத்தார்கள். சில முறை மட்டும் கைவித்தையால் படத்தை மாற்றி, தேராத படத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலான முறை ஏமாற்று பிடிபடவில்லை. அதைவிட வியப்பு, தாம் தேராத முகத்தை ஏன் தேர்ந்தோம் என்று அவர்கள் தயக்கமின்றி விளக்கினார்கள். தேர்ந்த முகத்தில் இல்லாத காதணியைக் காரணமாகச் சொன்னவரும் உண்டு.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நம் உள்ளத்தில் நடப்பதை நாம் படித்துச் சொல்வதாக நினைக்கிறோம். பல நேரங்களில் உண்மையில் நாம் செய்வது, நம்மைப் போன்ற ஒருவர் இப்படி நடந்தால் அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று ஊகித்துச் சொல்வது. அந்த ஊகம் ஊரார் நமக்குக் கொடுத்த காரணப் பட்டியலிலிருந்து வருகிறது. ஊறிய எண்ணம் என்று நான் சொல்வது இதைத்தான். நாம் எண்ணுவதில் மட்டும் அல்ல, ஏன் அப்படி எண்ணினோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் விளக்கத்திலும் அது ஊறியிருக்கிறது.

அடையாற்றில் வார்க்கப்பட்ட சிறுவன்

இனி, இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுவதும் பேசிய ஒரு மனிதரிடம் வருவோம். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். தந்தை நாராயணையா வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றபின், 1909இல் பிள்ளைகளோடு சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபையில் எழுத்தர் வேலையில் சேர்ந்தார். பள்ளியில் மந்தமான பிள்ளை என்று அடிவாங்கிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தியை, அடையாறு கடற்கரையில் சபையின் முன்னணியினருள் ஒருவரான சார்லஸ் லெட்பீட்டர் கண்டார். வரப்போகும் உலக குருவுக்கு உரிய உடல் இது என்று முடிவு செய்தார். சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அதை ஏற்றுக்கொண்டார். 1911இல் கிழக்கின் விண்மீன் என்ற அமைப்பு அந்தச் சிறுவனைத் தலைவனாக்கி நிறுவப்பட்டது. பிள்ளைகளைத் திருப்பித் தரக் கேட்டுத் தந்தை தொடுத்த வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகவும், 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் பாதகமாகவும் முடிந்தது.

ஒரு மனத்தை வார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சாப்பாடு, குளியல், உடை, மொழி, நடை என எல்லாம் ஒரு நோக்கத்துக்காகத் திருத்தப்பட்டன. அவனுடைய முற்பிறவிகளைக்கூடப் பிறரே எழுதிக் கொடுத்தார்கள். நம் எல்லோருக்கும் குடும்பமும் ஊரும் அறியாமலே செய்வதை, அங்கே திட்டமிட்டுச் செய்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

அந்த வார்ப்பில் விரிசல் விழுந்தது 1925 நவம்பரில். தம்பி நித்யானந்தா காசநோயோடு கலிபோர்னியாவின் ஓஹாய் ஊரில் இருந்தார். மகாத்மாக்கள் என்று பிரம்மஞான சபையினர் நம்பிய பேராசான்கள் அவரைக் காப்பார்கள் என்று கிருஷ்ணமூர்த்தி முழுமையாக நம்பினார். அந்த நம்பிக்கையோடுதான் அடையாற்றில் நடக்கவிருந்த பொன்விழா மாநாட்டுக்குக் கப்பலேறினார். கப்பல் சூயஸ் பக்கம் வந்தபோது தந்தி வந்தது. நித்யா இறந்துவிட்டார். கப்பலில் அவரோடு ஒரே அறையில் பயணம் செய்த பி. சிவராவ், அவர் நாட்கணக்கில் அழுததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். கொழும்பில் இறங்கும்போது அவர் அமைதியடைந்திருந்தார். ஆனால் பழைய நம்பிக்கை முன்போல் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓமன் முகாமில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் முன்னிலையில், அன்னி பெசன்ட் உட்கார்ந்திருக்க, தம்மைத் தலைவராகக் கொண்ட அமைப்பை அவரே கலைத்தார். உண்மையை அடையப் பாதை எதுவும் கிடையாது, அதை அமைப்பாக்க முடியாது, தம்மைப் பின்பற்றுவோர் தமக்கு வேண்டாம் என்பதே அன்றைய உரையின் சாரம். அமைப்புக்குக் கிடைத்திருந்த கோட்டையும் நிலமும் கொடுத்தவர்களிடமே திரும்பின. அதன்பின் 56 ஆண்டுகளுக்கு மேல் பேசினார். கடைசிப் பொதுப்பேச்சு 1986 ஜனவரி 4 அன்று சென்னை வசந்த விகாரில். அடுத்த மாதம் 17ஆம் நாள் ஓஹாயில் மறைந்தார்.

ஓமனில் நடந்ததை ஒரு துறவியின் தியாகமாக மட்டும் பார்ப்பது வழக்கம். எனக்கு அது வேறாகத் தெரிகிறது. தாம் யார் என்று பிறர் சொன்ன விடையை ஒருவர் சோதித்துப் பார்த்து, சான்று போதவில்லை என்று கண்டு, அந்த விடையைத் திருப்பிக் கொடுத்தார். அதைச் செய்ய அவருக்கு இருபது ஆண்டுகளும் ஒரு தம்பியின் சாவும் தேவைப்பட்டன என்பதை மறக்க வேண்டாம்.

பார்க்கிறவர் யார்?

கிருஷ்ணமூர்த்தியின் அடிப்படைக் கருத்தை எளிமையாகச் சொல்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது. உடனே எனக்குள் ஒருவர் எழுந்து, கோபப்படக் கூடாது என்கிறார். நாம் அவரை நல்லவர் என்றும், கோபத்தைக் கெட்டது என்றும் பிரித்துக்கொள்கிறோம். ஆனால் கண்டிக்கிற அவர் யார்? நேற்றைய பாடங்கள், அப்பா சொன்னவை, ஊரில் கெட்டபெயர் வருமோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்தவர். கோபமும் பழைய நினைவிலிருந்து வந்தது, கண்டிப்பும் பழைய நினைவிலிருந்து வந்தது. பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் இரண்டல்ல. எனவே ஒன்றை அடக்கி மற்றொன்றை ஆளவிடுவது விடுதலை ஆகாது. கோபத்தை நியாயப்படுத்தாமலும் கண்டிக்காமலும், பெயர்கூட வைக்காமலும் அது எழுந்து அடங்குவதை முழுதாகக் கவனிப்பது ஒன்றே வழி என்றார்.

அறிவையே அவர் கைவிடச் சொன்னார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வண்டி ஓட்ட, பாலம் கட்ட, மொழி பேச, வீட்டுக்கு வழி கண்டுபிடிக்க நினைவும் அறிவும் வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நேற்று என்னைப் பழித்தவரை இன்று சந்திக்கும்போது, நேற்றைய படத்தை அவர் முகத்தின்மேல் ஒட்டிப் பார்க்கிறேனே, அந்த நினைவைப் பற்றித்தான் அவருடைய கேள்வி.

இங்கே அவர் சொன்ன இன்னொன்று என் பேச்சுக்கு மையமானது. மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தன்னை அறிய முடியாது, உறவே கண்ணாடி என்றார். மனைவியிடம், வேலைக்காரரிடம், மேலதிகாரியிடம் நான் எப்படி நடக்கிறேனோ அதுவே நான். 'முதலும் இறுதியுமான விடுதலை' என்ற அவருடைய நூல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு 1954இல் வந்தது. அதில் பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் பற்றிய பகுதிகளைப் படித்துத்தான் குவாண்டம் இயற்பியலாளர் டேவிட் போம் அவரைத் தேடிவந்தார். கால் நூற்றாண்டு நீடித்த அவர்களின் உரையாடல்களில் இருவர் ஒரே கேள்வியைச் சுற்றிச்சுற்றி வருவதைக் காணலாம். ஒருவர் விடை சொல்லி இன்னொருவர் குறித்துக்கொள்ளும் பாடம் அல்ல அது.

ஆனால் கண்ணாடி எல்லோருக்கும் பொது. அது அவரையும் காட்டியது. நெடுங்கால நண்பர் ராஜகோபாலோடும் அவர் நடத்திய பதிப்பு அமைப்போடும் ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம் வரை சென்று, 1974இல்தான் சமரசமானது. 1991இல் ராஜகோபாலின் மகள் ராதா ராஜகோபால் ஸ்லாஸ் எழுதிய நூல், தம் தாய்க்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் நெடுங்காலம் மறைவான உறவு இருந்ததாகச் சொல்லி, அவருடைய சொல்லுக்கும் வாழ்வுக்கும் இருந்த இடைவெளியைக் கேள்வி கேட்டது. கிருஷ்ணமூர்த்தியின் வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் அதற்கு மறுமொழியாக ஒரு நூல் எழுதினார். இரண்டு நூல்களையும் படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும். நான் சுட்ட விரும்புவது ஒன்றுதான். உறவே கண்ணாடி என்ற கருத்து உண்மையானால், ஒரே வீட்டில் வளர்ந்த பெண் எழுதியதை வம்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கருத்துப்படியே அது சான்று ஆகிறது. எவ்வளவு தேர்ந்த பார்வையாளர்க்கும் அவருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அது அருகில் இருப்பவருக்குத் தெரியும்.

நிகழாத ஒரு சொற்பொழிவு

இதுவரை தனிமனிதரைப் பற்றிப் பேசினேன். ஊறிய எண்ணம் தனிமனிதரோடு நிற்பதில்லை. நம் நாட்டில் அதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு சாதி.

சாதியை ஒழிப்பதற்கென்றே தொடங்கப்பட்ட லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சங்கம், தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் தம் உரையை எழுதி முன்கூட்டியே அனுப்பினார். படித்த சங்கத்தார் திடுக்கிட்டார்கள். சாத்திரங்களின் அதிகாரத்தைத் தாக்கும் பகுதிகளை நீக்கக் கேட்டார்கள். ஒரு காற்புள்ளியையும் மாற்ற அம்பேத்கர் இசையவில்லை. மாநாடே கைவிடப்பட்டது. அவர் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று இன்று நாம் படிக்கும் நூல் அதுதான். சாதி கண்ணுக்குத் தெரியும் தடை அல்ல, மனத்தின் ஒரு நிலை, அந்த மனநிலையைப் புனிதமாக்கும் நூல்களின் மீதுள்ள நம்பிக்கையைத் தொடாமல் அது போகாது என்பது அவருடைய வாதம்.

லாகூர்ச் சங்கத்தார் கெட்டவர்கள் அல்லர். சாதியை உடைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள். அதற்காக அந்தக் காலத்தில் ஏச்சும் பேச்சும் வாங்கியிருப்பார்கள். தம் உள்ளத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டால், எங்களிடம் சாதி இல்லை என்றே அந்த உள்ளம் சொல்லியிருக்கும். இருக்கிறது என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவரின் உரை காட்டியது. காட்டியதும் அவர்கள் செய்தது, உரையைத் திருத்தக் கேட்டது. அதற்கு ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன் மாஸ்கலைன் வந்த முடிவும் இதே வகைதான்: வேறுபாடு தெரிகிறது, எனவே பிழை எதிரில் இருப்பவருடையது.

நம் ஊருக்கு வருவோம். புதிதாக ஒருவர் அறிமுகமாகிறார். பேர் என்ன என்கிறோம். சொந்த ஊர் எது என்கிறோம். ஊர்ப்பெயர் வந்ததும் நிறுத்துவதில்லை. அங்கே எந்தப் பக்கம், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று தொடர்கிறோம். ஏன் கேட்டீர்கள் என்று யாராவது நம்மிடம் கேட்டால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்போம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பவும் செய்கிறோம். காலுறையின் நெசவைக் காரணம் காட்டியவர்களைப் போலவே நம்புகிறோம். எதிரில் நிற்பவருக்கோ இரண்டாவது கேள்வியிலேயே புரிந்துவிடுகிறது. விடை சொன்ன பிறகு நம் குரல் எவ்வளவு இறங்கியது, நாற்காலியைக் காட்டிய கை எவ்வளவு தயங்கியது என்பதும் அவருக்குத் தெரியும். வாடகைக்கு வீடு தேடி அலைந்த பலருக்கு இந்தக் கேள்வி வரிசை மனப்பாடம். அந்த அறிவு நம் உள்ளத்தில் இல்லை, அவரிடம் இருக்கிறது. தன்னை அறிய விரும்புபவர் அவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.

வள்ளுவர் இதை இரண்டு அதிகாரங்களில் வைத்திருப்பதை மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். மெய்யுணர்தல் அதிகாரத்தில், ஒரு பொருள் எப்படித் தோன்றினாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்கிறார். அறிவுடைமை அதிகாரத்தில், யார் வாயிலிருந்து கேட்டாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்கிறார். தோற்றம் நம்மை ஏமாற்றலாம், அது ஒரு தடை. சொல்பவர் யார் என்பது நம் காதை அடைக்கலாம், அது இன்னொரு தடை. இரண்டில் கடினமானது இரண்டாவதே என்று லாகூர் சொல்கிறது. நான் சொல்வதால் ஏற்காதே, உன் அறிவுக்குப் பட்டால் ஏற்றுக்கொள் என்று பெரியார் மேடைதோறும் சொன்னதற்கும், தம்மை அதிகாரமாகக் கொள்ள வேண்டாம் என்று கிருஷ்ணமூர்த்தி சொன்னதற்கும் நடுவே, மற்றெதிலும் ஒத்துப்போகாத இருவர் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு மெய்யியல் மாணவர்களிடமிருந்து வரும். மொழியே ஒரு வார்ப்பு. தமிழில் எண்ணும் நான் தமிழ் தந்த பிரிவுகளுக்குள்தான் எண்ணுகிறேன். ஊறிய எண்ணத்திலிருந்து முழு விடுதலை என்பது சாத்தியமா? கிருஷ்ணமூர்த்தி சாத்தியம் என்றார். படிப்படியாக அல்ல, முழு மாற்றமாக, காலத்தின் துணையின்றி நிகழும் என்றார். இந்த இடத்தில் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். முழு விடுதலை பெற்றேன் என்று ஒருவர் சொன்னால் அதைச் சோதிக்க என்னிடம் வழி இல்லை, சொல்பவரிடமும் இல்லை. பெசல் தம் பிழையை ஒழிக்கவில்லை. அதன் அளவைத் தெரிந்துகொண்டு கணக்கில் சேர்த்தார். வானியல் அதனால் பிழைத்தது. எனக்கு இந்தச் சாதி வீட்டில் வளர்ந்த கூச்சம் உண்டு, ஆங்கிலம் பேசுபவர் முன் தாழும் பழக்கம் உண்டு, பெண் ஒருவர் மறுத்துப் பேசினால் குரலை உயர்த்தும் வழக்கம் உண்டு என்று ஒருவர் தெரிந்துகொள்வது சிறிய விடுதலைதான். ஆனால் அது சோதிக்கத்தக்க விடுதலை. வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. தன்னை நோக்குவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு, அநியாயம் வெளியில் இருக்கும்போது உள்ளே பார்ப்பது தப்பித்தல் என்பார்கள். தனியாக உள்ளே பார்ப்பதைப் பொறுத்தவரை இந்த மறுப்பு சரி. கார்னெலிலும் வூர்ட்ஸ்புர்க்கிலும் நடந்ததுபோல, தான் எதிர்பார்த்ததையே கண்டு நிறைவடையும் நோக்கு அது. ஆனால் இன்னொருவரின் சொல்லைச் சான்றாக ஏற்கும் நோக்கு வேறு. அது தொடங்கும் இடமே வெளியில் இருக்கிறது. அநியாயத்துக்கு உள்ளானவர் சொல்வதைத் திருத்தாமல் கேட்பதில் அது தொடங்குகிறது. சட்டமும் போராட்டமும் செய்யும் வேலையை அது செய்யாது. சட்டம் வந்த பிறகும் அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் குரல் இறங்குகிறதே, அந்த இடத்தில் இதைத் தவிர வேறொன்றும் வேலை செய்யாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தியானம் செய்யுங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் பற்றி ஒருவர் சொன்னது உங்களுக்குக் கோபத்தை உண்டாக்கினால், அந்தக் கோபத்தை ஒரு தரவாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுப்பதற்கு முன், அவர் கண்டது எந்த நாளில், எந்தச் செயலில் என்று கேளுங்கள். அவர் தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் கேட்டதால் உங்களுக்கு இழப்பு இல்லை. அவர் சரியாக இருந்தால், நீங்கள் எத்தனை ஆண்டு உள்ளே பார்த்தாலும் கிடைக்காத ஒன்று ஒரே உரையாடலில் கிடைத்திருக்கிறது. நான் இன்று பேசியதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குத் தெரியாத என் வார்ப்பு எங்கே இருக்கிறது என்று கண்டவர்கள், கேள்வி நேரத்தில் தயங்காமல் எழுந்து சொல்ல வேண்டும்.